மாட்டுக்கறிக் குழம்பு: கறி மெத்தென்று வேக என்ன வழி? அப்பாவுக்குப் பல்செட்

கொளத்தூர்_மகள் | செவ்வாய் இரவு 9:40

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில்லை மூடும் வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக் குழம்புதான். அம்மா வைப்பார். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம்தான் அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். ஞாயிறு இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தக் குழம்பைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மூன்று வாரமாக வைக்கிறேன். மூன்று முறையும் கறி சரியாக வரவில்லை. அப்பாவுக்கு மேல் வரிசை முழுக்கப் பல்செட். போன ஞாயிறு ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்று பார்த்துவிட்டுத் தட்டின் ஓரமாக எடுத்து வைத்தார். "குழம்பு நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்வது இது. கொழுப்பு, ஜவ்வு எதுவும் இல்லாத தொடைக்கறியாகக் கேட்டு ஒரு கிலோ வாங்குகிறேன். சின்னச் சின்னத் துண்டாகப் போடச் சொல்கிறேன். வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கி, 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் 6 விசில். வேகவில்லை என்று அடுத்த வாரம் 15 விசில் வைத்தேன். மூன்றாவது வாரம் யாரோ சொன்னதைக் கேட்டுப் பப்பாளிக்காய் அரைத்துப் போட்டு இரவு முழுக்க ஊற வைத்தேன். மேலே கூழாகவும் உள்ளே வறண்டும் போயிற்று.

எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு_பேரன் | செவ்வாய் இரவு 10:05

அக்கா, ஒரு கேள்வி. கறி ரப்பர் மாதிரி இழுத்ததா, இல்லை நார் நாராகப் பிரிந்து காய்ந்த மாதிரி இருந்ததா? இரண்டும் ஒன்றில்லை. ரப்பர் என்றால் வேகவில்லை. நார் என்றால் அந்தக் கறிக்கு அந்த வேக்காடு ஒத்துவரவில்லை.

கொளத்தூர்_மகள் | செவ்வாய் இரவு 10:11

முதல் வாரம் ரப்பர். இரண்டாவது வாரம் நீங்கள் சொன்ன நார். அப்பாவின் பல்செட்டில் போய் மாட்டிக்கொண்டது.

புளியந்தோப்பு_பேரன் | செவ்வாய் இரவு 11:02

அப்படியானால் சமைப்பதில் இருக்கும் தப்பு கொஞ்சம்தான். கடையிலேயே பாதி தப்பு நடந்துவிடுகிறது.

என் தாத்தா ஆட்டுத்தொட்டிப் பக்கம் கறி வெட்டியவர். சின்ன வயதில் காலை 5 மணிக்கு அவரோடு போய் நிற்பேன். தொடைக்கறி கேட்டு வருபவர்களிடம் "வறுவலா, குழம்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். குழம்பு என்றால் தொடையைக் கொடுக்க மாட்டார். முன்னங்கால் சதை, கழுத்து, நெஞ்சு, இந்த மூன்றிலிருந்துதான் போடுவார். மாடு நடந்து நடந்து உழைத்த இடங்கள் அவை. பார்க்க அழகாக இருக்காது. நடுவில் வெள்ளையாக ஜவ்வு ஓடும், ஓரத்தில் கொழுப்பு ஒட்டியிருக்கும். நாம் வேண்டாம் என்று எடுக்கச் சொல்லும் அந்த ஜவ்வுதான் மெதுவாக வெந்தால் உருகிப் பசையாகி, கறியை வழவழப்பாக வைத்திருக்கும். குழம்புக்குத் திடம் வருவதும் அதிலிருந்துதான். பின்தொடையில் உருகுவதற்கு ஒன்றுமே இல்லை. குக்கரில் அதிக நேரம் இருந்தால் தண்ணீரெல்லாம் வெளியே போய் நார் மட்டும் மிஞ்சும்.

வரும் ஞாயிறு இப்படிக் கேளுங்கள்: முன்னங்கால் சதை முக்கால் கிலோ, நெஞ்சுக்கறி கால் கிலோ கொழுப்போடு, நல்லி எலும்பு இரண்டு. துண்டு பெரிதாக இருக்கட்டும், உங்கள் கட்டைவிரல் நீளத்துக்கு. வெந்தால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சின்னதாகப் போட்டால் சீக்கிரம் வேகும் என்று நினைக்கிறோம், சீக்கிரம் காய்வதுதான் நடக்கும். அப்பாவுக்குப் பரிமாறும்போது நீங்களே கரண்டியால் பிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இரும்புச்சட்டி | புதன் காலை 7:30

பப்பாளிக்காயைக் குறை சொல்லாதீர்கள். இருபது வருடமாகப் போடுகிறேன். அளவு தெரியாமல் போட்டால்தான் கூழாகும். ஒரு கிலோவுக்குத் தோலோடு அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

பாத்திரமும்_பாடமும் | புதன் காலை 10:15

உணவு அறிவியல் பாடம் எடுப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

முதலில் நம் ஊர்க் கறியைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்றோ, ஊனமாகி இனிப் பயன்படாது என்றோ சான்று தந்தால்தான் மாட்டையும் எருமையையும் வெட்டலாம். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டக் கூடாது என்றது. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வயதான எருமையும் காளையும்தான். வெளிநாட்டுச் சமையல் காணொளிகளில் வருவது இரண்டு வயதைச் சுற்றியுள்ள, தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாடு. அவர்கள் சொல்லும் நேரத்தை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் கறி வேகாது.

வயது ஏற ஏற ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்ளும். அதை ஜெலட்டின் என்ற பசையாக மாற்ற வெப்பமும் ஈரமும் நேரமும் சேர்ந்து வேண்டும். 70 டிகிரிக்கு மேல் அது மெதுவாக நடக்கும், கொதிநிலைக்கு அருகில் இன்னும் வேகமாக. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மூடிய குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். திறந்த சட்டியில் 3 மணி நேரம் ஆவது குக்கரில் முக்கால் மணிக்குள் முடிவதற்கு இதுதான் காரணம்.

சகோதரி 6 விசில் என்றார். விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். தேவைக்கு மேலான ஆவி வெளியே போகும் சத்தம்தான் அது. பெரிய தீயில் 6 விசில் பத்து நிமிடத்தில் வந்துவிடும், சின்னத் தீயில் அரை மணி நேரம் ஆனாலும் ஆகும். உள்ளே நடக்கும் வேலைக்கு நேரம்தான் கணக்கு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, வயதான எருமையின் கால் சதைக்கு 35 முதல் 40 நிமிடம் கொடுங்கள். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் குழம்பு சட்டென்று பொங்கிக் கொதித்துக் கறியின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். அழுத்தம் தானாக அடங்கட்டும்.

பப்பாளி பற்றி: அதன் பாலில் இருக்கும் பப்பைன் புரதத்தை உடைக்கும் என்பது உண்மை. ஆனால் துண்டின் மேற்பரப்பைத் தாண்டி அது உள்ளே போகாது. அதனால்தான் சகோதரிக்கு மேலே கூழ், உள்ளே வறட்சி. மெல்லிய துண்டாகச் சுடும் கறிக்கு அருமையான பொருள். முக்கால் மணி நேரம் குக்கரில் இருக்கப் போகும் குழம்புக்குத் தேவையே இல்லை.

இரும்புச்சட்டி | புதன் காலை 11:40

நான் போடுவது சுக்காவுக்கு, மெல்லிய துண்டில்தான். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். குழம்புக்குப் போடாமல் ஒரு முறை வைத்துப் பார்க்கிறேன்.

மண்ணடி_மருமகள் | புதன் மதியம் 2:20

எங்கள் வீடுகளில் இதைப் பெரிய கறி என்போம். குழம்பை ஆணம் என்போம். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

பக்ரீத் அன்று குர்பானிக் கறி வீட்டுக்கு வந்தவுடன் என் மாமியார் ஈரலைத்தான் முதலில் சமைப்பார். அன்று அடித்த கறியை அன்றே போட்டால் எவ்வளவு வேக வைத்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பார். சதைக்கறியைக் கழுவாமல், மூடி போட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள்தான் அடுப்பில் ஏற்றுவார். ஃப்ரீசரில் நேராகப் போடவே விட மாட்டார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சோம்பலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஞாயிறு இரவுக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

பாத்திரமும்_பாடமும் | புதன் மதியம் 3:05

உங்கள் மாமியார் சொன்னது முழுக்கச் சரி. வெட்டிய சில மணி நேரத்தில் சதை விறைக்கும். மாட்டுக்கு அந்த விறைப்பு தளர ஒரு நாளுக்கு மேல் ஆகும். விறைப்பு வருவதற்கு முன்பே ஃப்ரீசரில் போட்டால் சதை சுருண்டு இன்னும் கெட்டியாகும். சென்னையில் விடியற்காலை கடையில் தொங்குவது இரவு வெட்டியதுதான். ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால் நல்லது. இரண்டு நாள் இருந்தாலும் கெடாது, குளிர் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

கோட்டயம்_டு_அம்பத்தூர் | புதன் மாலை 6:50

எங்கள் பக்கத்தில் தண்ணீரே ஊற்ற மாட்டோம். கறி, சின்ன வெங்காயம், இஞ்சி, மஞ்சள், மிளகு, தேங்காய்ப் பல், கறிவேப்பிலை எல்லாவற்றையும் உப்போடு பிசைந்து மண்சட்டியில் மூடி வைத்தால் கறி விடும் தண்ணீரிலேயே வேகும். உப்பை முதலிலேயே போடுங்கள். கடைசியில் போட்டால் குழம்பு கரிக்கும், கறி சப்பென்று இருக்கும். 2 டம்ளர் தண்ணீர் குக்கருக்கு அதிகம், அரை டம்ளர் போதும். நேரம் இருந்தால் மண்சட்டியில் மூன்று மணி நேரம் மெதுவாக வையுங்கள், அந்த மணம் குக்கரில் வராது.

பெரம்பூர்_மாடிவீடு | புதன் இரவு 8:30

மூன்று மணி நேரம் திறந்த சட்டியில் வைக்க எல்லோருக்கும் கொடுத்து வைக்கவில்லை. நாங்கள் எட்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். அட்வான்ஸ் கொடுத்த அன்றே வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, மாட்டுக்கறி சமைக்கக் கூடாது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவோம். மழை என்றால் அதுவும் இல்லை. எப்போதாவது நம் வீட்டு அடுப்பில் நம் சாப்பாட்டைச் சமைத்தாலும் ஜன்னலை மூட வேண்டியிருந்தது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. இப்போது சொந்தமாக ஒரு சின்ன வீடு. முதல் ஞாயிறு எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக் குழம்பு வைத்தேன்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குக் குக்கர்தான் வழி, அதில் குறையொன்றும் இல்லை. குக்கரில் வேக வைத்து, கடைசி கால் மணி நேரம் மட்டும் வாயகன்ற சட்டிக்கு மாற்றிச் சுண்ட விட்டால் மண்சட்டிச் சுவையில் முக்கால்வாசி வந்துவிடும்.

கொளத்தூர்_மகள் | புதன் இரவு 9:15

பெரம்பூர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அம்மாவும் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து குழம்பு வைத்து முடித்துவிடுவார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு சந்தேகம். தக்காளியையும் புளியையும் முதலிலேயே போட்டால் கறி வேகாது என்கிறார்களே, உண்மையா?

மவுன்ட்_வாசி | புதன் இரவு 9:48

பரங்கிமலையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுடையது. வினிகர் ஊற்றி மணிக்கணக்கில் வேக வைக்கும் விண்டாலூ எங்கள் வீட்டில் வெண்ணெய் மாதிரி வருகிறது. ஆகவே புளிப்பு போட்டால் கறி வேகாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. குழம்பு கைவரும் வரை அப்பா வெறும் குழம்பு சாப்பிட வேண்டாம். பால் கறி செய்து கொடுங்கள் (இந்தப் பால் ஆங்கில ball, உருண்டை). கொத்துக்கறியைப் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கரம் மசாலாவோடு பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, தேங்காய் அரைத்து ஊற்றிய தக்காளிக் குழம்பு கொதிக்கும்போது ஒவ்வொன்றாக விடுங்கள். முன்னாலேயே பொரிக்க வேண்டாம். போட்ட பத்து நிமிடம் கரண்டியால் கிண்டக் கூடாது, சட்டியை மட்டும் லேசாக ஆட்டுங்கள். அரை மணி நேரத்தில் நாக்கால் அழுத்தினாலே உடையும். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறும், பச்சை வெங்காயம், மிளகாய், வினிகர், சர்க்கரை அரைத்த டெவில் சட்னியும் தொட்டுக்கொள்ள. எங்கள் பாட்டி கடைசிக் காலத்தில் பல்லே இல்லாமல் இதைத்தான் சாப்பிட்டார்.

பாத்திரமும்_பாடமும் | புதன் இரவு 10:20

புளிப்பில் வேகாமல் நிற்பது பருப்பும் காய்கறியும். உருளைக்கிழங்கோ முள்ளங்கியோ போடுவதாக இருந்தால் அவை வெந்த பிறகு புளி ஊற்றுங்கள். கிலோவுக்கு இரண்டு தக்காளி கறியை ஒன்றும் செய்யாது.

புளியந்தோப்பு_பேரன் | வியாழன் காலை 6:40

எங்கள் ஆயா கறியோடு ஒரு துண்டு கொட்டாங்குச்சி போடுவார், சீக்கிரம் வேகும் என்று. இரண்டு குக்கரில் ஒரே கறியை வைத்து ஒன்றில் மட்டும் போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆயாவின் குழம்பு வைக்கும்போது இன்றும் ஒரு துண்டு போடுகிறேன். அது ஆயாவுக்காக.

மசாலா யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மில் காலத்துக் குழம்பு என்றால் இந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

ஒரு கிலோவுக்கு மல்லி மூன்று மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் எட்டு, மிளகு, சீரகம், சோம்பு ஒவ்வொரு சின்னக் கரண்டி, ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, கொஞ்சம் கல்பாசி. எண்ணெய் விடாமல் சின்னத் தீயில் தனித்தனியாக வறுத்துப் பொடி செய்யுங்கள். கடைப்பொடி வேண்டாம் அக்கா, இந்தக் குழம்புக்கு மட்டுமாவது வேண்டாம். நல்லெண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயத்தைச் சிவக்கும் வரை வதக்குங்கள். அவசரப்பட்டு வெளுப்பாக விட்டால் குழம்பு நிறமே வராது. பிறகு இஞ்சி பூண்டு, தக்காளி, அப்புறம் கறி. கறியை உப்பு மஞ்சளோடு பத்து நிமிடம் பிரட்டினால் தண்ணீர் விட்டு, அது சுண்டி, எண்ணெய் மேலே வரும். அப்போதுதான் பொடி போட வேண்டும். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த நீர் வேண்டாம், சூடு அடங்கிவிடும்.

திறந்த பிறகு ஒரு துண்டைக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்துங்கள். தானாகப் பிளந்தால் சரி. எதிர்த்து நின்றால் மறுபடி பத்து நிமிடம். சந்தேகமாக இருந்தால் இன்னும் வேக வைப்பதுதான் இந்தக் கறிக்கு நல்லது. கடைசியில் அரை மூடித் தேங்காயும் ஒரு கரண்டி கசகசாவும் அரைத்து ஊற்றிக் கால் மணி நேரம். முள்ளங்கி போடும் வழக்கம் இருந்தால் குக்கர் திறந்ததும் போட்டு, வெந்த பிறகு தேங்காய்.

முடிந்தால் மதியமே வைத்துவிட்டு இரவு சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். ஆறும்போது கறி குழம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கொளத்தூர்_மகள் | ஞாயிறு இரவு 10:35

எல்லோருக்கும் ஒன்றாக எழுதுகிறேன், இப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்தேன்.

வெள்ளி இரவு பால் கறி செய்தேன். அப்பா ஐந்து உருண்டை சாப்பிட்டார். மவுன்ட் சகோதரிக்கு என் பிள்ளைகளும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கே கடைக்குப் போனேன். முன்னங்கால் சதை என்று கேட்டதும் கடைக்கார பாய் நிமிர்ந்து பார்த்து, "குழம்புக்காம்மா? இத்தனை நாள் கேட்கலையே" என்றார். கரும்சிவப்பாக, வெள்ளைக் கொழுப்போடு இருந்தது, எருமைதான் என்றார். காளை என்றால் கொழுப்பு மஞ்சளாக இருக்குமாம். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்தேன். இன்று மதியம் 2 மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 40 நிமிடம். ஆவியைத் தொடவே இல்லை. திறந்து அழுத்தினேன், கொஞ்சம் எதிர்த்தது. பயமாக இருந்தது. இன்னும் பத்து நிமிடம் வைத்தேன். அடுத்த முறை கரண்டி பட்டவுடன் துண்டு இரண்டானது. அந்த ஜவ்வு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. வாயகன்ற சட்டிக்கு மாற்றித் தேங்காய் ஊற்றி இறக்கினேன். அம்மா மாதிரி முள்ளங்கியும் போட்டேன்.

இரவு இடியாப்பத்தோடு பரிமாறினேன். அப்பா முதல் துண்டை எடுத்துத் தயங்கித் தயங்கித்தான் வாயில் போட்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி, "நல்லி எலும்பு யாருக்கு?" என்று கேட்டார். அம்மா இருந்தவரை அது அப்பாவுக்குத்தான். அவர் தட்டில் வைத்தேன். தட்டி உறிஞ்சிவிட்டு மில் கதைகளை ஆரம்பித்தார். பத்து மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு கிண்ணம் குழம்பு மிச்சம் இருக்கிறது. காலையில் தோசைக்கு எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மண்ணடி_மருமகள் | ஞாயிறு இரவு 10:50

அல்ஹம்துலில்லாஹ். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

பெரம்பூர்_மாடிவீடு | ஞாயிறு இரவு 10:58

முள்ளங்கி போட்டீர்களே, அது போதும். அப்பாவுக்கு என் வணக்கம்.

கொளத்தூர்_மகள் | திங்கள் காலை 8:05

தோசை ஆயிற்று, கிண்ணமும் காலி. சாப்பிட்டுக்கொண்டே அப்பா உப்புக்கண்டம் கேட்டார். அம்மா கொடியில் காயப் போட்டது நினைவிருக்கிறது, எப்படிச் செய்தார் என்று தெரியாது. யாருக்காவது தெரியுமா?

புளியந்தோப்பு_பேரன் | திங்கள் காலை 8:30

தெரியும் அக்கா. ஆனால் அதற்குக் காய்ந்த வெயில் வேண்டும், இந்த ஈரத்தில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பங்குனி பிறக்கட்டும். அப்போது பின்தொடையாகவே வாங்குங்கள், கொழுப்பும் ஜவ்வும் இல்லாமல். உப்புக்கண்டத்துக்கு அதுதான் சரி. நாரோடு நீளவாக்கில் எப்படிக் கீறுவது என்று அப்போது எழுதுகிறேன்.